கருமாதிக்கு முன்னால் சொன்னது

பக்கத்து வீட்டில் மிளகாய்ப் புகை போட்டால் எங்கள் தெரு முழுக்க இருமும். முதலில் எங்கள் வீடு இருமும், ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அப்புறம் எதிர்வீடு, அப்புறம் கோயில் வரைக்கும். சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே இருந்த அந்தக் கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன மாதமே இது எனக்குப் பழகிவிட்டது. முதல் தடவை என் மாமியார் ஒரு துணியை நனைத்து என் கையில் கொடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "இன்னைக்கும் போட்டுட்டாரு" என்றார். மழை வந்துவிட்டது, கொடியில் கிடக்கும் துணியை எடு என்று சொல்வாரே, அதே குரல்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அடுப்பிலிருந்து நெருப்புக் கங்கை அள்ளி ஒரு மண்சட்டியில் போடுவார்கள். அதன்மேல் ஒரு கை முண்டு மிளகாய் வற்றலைப் போடுவார்கள். சட்டியை நெல்லுக் குதிர் இருக்கும் இருட்டறையில் வைத்து, பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மிளகாய்க்குப் பஞ்சமே கிடையாது. நெல் விளையாத வருஷத்திலும் அது விளையும். எல்லா வீட்டிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அடங்காத பிள்ளையை "புகை போட்டுருவேன்" என்று மிரட்டாத தாய் அந்த ஊரில் கிடையாது. மிரட்டுவதோடு சரி. பக்கத்து வீட்டில் மட்டும் போட்டார்கள்.

நான் மண்டபத்தில் வளர்ந்தவள். என் அய்யாவுக்கு ரயில்வேயில் வேலை. எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்திருந்தேன். அந்த ஊர்ப் பெண்களில் அது அதிகம், அதனால் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். ஊரில் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்று நான் வந்த அன்றைக்கே மாமியார் சொல்லிவிட்டார். நான் தலையிடவில்லை. எனக்கும் மூச்சு முட்டியது, துணியை மூக்கில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் போலவே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. மிளகாய், பருத்தி என்று நல்ல வெள்ளாமை உள்ளவர். கோயிலில் முதல் திருநீறு அவருக்குத்தான். மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. கிணற்றில் தவறி விழுந்தார் என்பார்கள், சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். தாலி அறுத்து வந்த அக்காள் ஒருவர் அவரோடு இருந்தார். ஒரே மகள். அவள் குரலைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டிருக்கிறேன், அந்த அக்காளின் குரலைக் கேட்டிருக்கிறேன், அவருடைய குரல் மட்டும் ஒரு நாளும் உயர்ந்து கேட்டதில்லை. கங்கை அள்ளுவது அக்காள். கதவைச் சாத்துவது அவர். சாத்திவிட்டு வாசலுக்கு வந்து வெற்றிலை போட்டுக்கொள்வார். தெருவில் போகிறவர்கள் இருமிக்கொண்டே அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். அவரும் இருமிக்கொண்டே "என்னப்பா, மேலக்காட்டுல களை எடுத்தாச்சா?" என்று விசாரிப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. சோறு குழைந்தது. பானை உடைந்தது. வாசலில் நின்று யாரையோ பார்த்துச் சிரித்தாள். ஒரு தடவை, மறுபடி பள்ளிக்கூடம் போகட்டுமா என்று கேட்டாளாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரே ஒரு முறை அவரிடம் சாடையாகப் பேசிப் பார்த்திருக்கிறார். எம்புள்ளைய நான் வளக்குறேன் என்று பதில் வந்ததாம். அதில் தப்புக் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த மகளுக்கு அண்ணன் முறை, அதனால் அவள் என்னை மதினி என்று கூப்பிடுவாள். கொல்லைப்புறத்துக் கட்டைச்சுவர் ஓரம் நின்று, அத்தை கூப்பிடும்வரை பேசுவாள். கடலைப் பார்த்ததில்லை. கடலைப் பற்றித்தான் எப்போதும் கேட்பாள். "கடல்ல தண்ணி எறைக்க வேண்டாம்ல மதினி? அதுவா வருமாமே." அந்த ஊரில் தண்ணீர் இறைத்தே கை காய்த்துப் போன பிள்ளை. அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது என்று நான் சொன்னபோது நம்பவில்லை. இவ்வளவு தண்ணீரைச் சாமி வீணாகவா வைத்திருக்கும் என்றாள். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். புகை போட்ட பிறகு சில நாள் கொல்லைப்புறத்தில் அவளைப் பார்க்க முடியாது. அப்புறம் வருவாள், கண்ணிமை தடித்து, குரல் கம்மி. நான் கேட்கமாட்டேன். அவளும் சொல்லமாட்டாள்.

அது நடந்தபோது எனக்கு வயிற்றில் ஆறு மாதம். மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் வெறுந்தரையில் படுத்திருந்தேன், வெக்கைக்கு அதுதான் இதம். கொல்லைக் கதவு திறந்தது. அவள் வந்தாள். குளித்துவிட்டு வந்திருந்தாள், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மதினி, கஞ்சி இருந்தா கொஞ்சம் தாங்க."

ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். இன்னொரு கும்பா கேட்டாள், அதையும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அய்யாவும் அத்தையும் இனிமே எந்திரிக்க மாட்டாக."

எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை. எதற்கு, எப்படி என்று நான் கேட்கவும் இல்லை. உலக்கையால் அடித்திருந்தாள், கீழே இரும்புப் பூண் போட்ட உலக்கை, தூங்கிக்கொண்டிருந்த இருவரையும், முதலில் அய்யாவை, அப்புறம் உள்ளறையில் அத்தையை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. அவள் குடித்த கும்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மாமியாரை எழுப்பினேன்.

கிராம முனிசீப்பு வரும்வரை அவள் எங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்டார், நான்தான் செய்தேன் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவர் வீடும் அதே தெருவில்தான் இருந்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வயதாகி, படுத்துச் செத்தவர்கள் நேரே போய்விடுவார்கள். வெட்டுப்பட்டோ அடிபட்டோ அகாலமாகச் செத்தவர்கள் பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் போக மாட்டார்கள். தெருவில் வீட்டுக் கூரை விளிம்பில், இறவாணத்தில் தங்கி, யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். தன்னைக் குறை சொல்கிற வீட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். அதனால் கருமாதி முடிகிறவரை செத்தவரைப் பற்றி நல்லதைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசாமல் இருந்தாலும் பற்றாது, வாய்விட்டுப் புகழ வேண்டும். அப்போதுதான் திருப்தியாகப் போவார்கள். கடற்கரைப் பக்கம் எங்களுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, இரண்டு உடம்பையும் வண்டியில் கொண்டுவந்து பந்தலில் கிடத்தினார்கள். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. அதனால் நான் சுவருக்கு இந்தப் பக்கமே இருந்தேன், எல்லாவற்றையும் காதால்தான் கேட்டேன். ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தது என் மாமியார். நல்ல குரல் அவருக்கு. மகளைத் தோளில் தூக்கிச் சுமந்த தங்கமே என்று பாடினார். கண்ணில் தூசி விழாமல் வளர்த்த சாமியே என்று பாடினார். கண்ணில் தூசி என்று அவர் பாடியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றா சொல்வது, தெரியவில்லை, வயிறு குலுங்கியது, உள்ளே பிள்ளை உதைத்தது. இந்தப் பக்கம் இருந்து கேட்டவளுக்குச் செத்துப்போனது வேறு யாரோ என்றுதான் தோன்றும்.

இன்ஸ்பெக்டர் அதே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒப்பாரி ஓய்ந்த நேரமெல்லாம் அவர் விசாரிப்பது கேட்டது. செத்தவர் எப்பேர்ப்பட்ட மனிதர், மகளை எப்படி வைத்திருந்தார் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பொன்னாக வைத்திருந்தார். ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அந்த அத்தை பிள்ளைக்கு ஊட்டிவிட்ட பிறகுதான் தான் சாப்பிடும். தலைக்கு மேலே இறவாணம், அதில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பேர், சொல்கிறவர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சத்தானே செய்வார்கள்! என் வீட்டுக்காரரும் சொன்னார். அவர் குரல் எனக்குத் தெரியாதா?

என்னை விசாரிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி, பந்தலுக்கு வர மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மாமியார் குளித்துவிட்டு வந்ததும் நான் கேட்டேன். அந்த இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகிறார், அந்தப் பிள்ளை கதி என்ன ஆகும் என்று. எனக்குக் கோபம் வந்திருந்தது. கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. மாமியார் ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"பதினாறு கழியட்டும் தாயி. அவுக இங்கனதான் இருக்காக. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு வாயத் தொறக்காத. கழிஞ்சதும் நானே போயி எல்லாத்தையும் சொல்றேன்."

அவர் நடிக்கவில்லை. எனக்காகவும் என் வயிற்றுப் பிள்ளைக்காகவும்தான் அத்தனை புகழ்ச்சியையும் அவர் பாடினார். இத்தனை வருஷம் கழித்தும் அவரை வெறுக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கருமாதி கழிந்ததும் போய்ச் சொல்லலாம், ஸ்டேஷன் எங்கே ஓடிப்போகிறது என்று ஊரே நினைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். எங்கள் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்து அனுபவப்பட்டவர். உறவுமுறைக்குள் கொலை நடந்தால், நாள் ஆக ஆகச் சாட்சி பேச்சை மாற்றும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்த வாரமே முக்கியமானவர்களை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, சத்தியம் வாங்கி, சொன்னதையே மறுபடி சொல்லவைத்து எழுதி வாங்கிவிட்டார். என் மாமியார் போனார். என் வீட்டுக்காரர் போனார். முனிசீப்பும் போனார். கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. அங்கே மட்டும் வேறு எதைச் சொல்வார்கள்? செத்தவர்கள் பஸ் ஏறிக் கூடவே வந்துவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வந்த பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கருமாதி நடந்தது. கறிச்சோறு போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய உடனே ஊர் வாயைத் திறந்தது. அடேயப்பா, அன்றைக்கு வெளிவந்த பேச்சு! கிணற்றடியிலும் கண்மாய்க் கரையிலும் டீக்கடையிலும் அதே பேச்சு. எந்தெந்த நாள் புகை போட்டார்கள், எத்தனை தடவை தூணில் கட்டிப் போட்டார்கள், இரும்புக் கரண்டிக் காம்பைக் காய்ச்சி எங்கே சூடு வைத்தார்கள், எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டது அதில் பாதிகூட இல்லை. மாமியார் சொன்ன சொல் மாறாமல் ஸ்டேஷனுக்குப் போனார். கூட நாலு பெண்கள் போனார்கள். அங்கே ஏட்டய்யா, எழுதியது எழுதியதுதான், இனிமேல் மாற்றிச் சொன்னால் பொய்ச்சாட்சி என்று உங்களைத்தான் உள்ளே வைப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெயிலில் நடந்து திரும்பி வந்த மாமியார் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார், தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

நான் பிரசவத்துக்கு மண்டபம் வந்துவிட்டேன். பெண் பிறந்தாள். கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த நாட்கள் அவை. உடம்பு தேறியது, மனதில் ஒன்றும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறாயா என்று அம்மா கேட்டால், இருக்கிறேன் என்பேன்.

அங்கேதான் அந்த வக்கீல் என்னைத் தேடி வந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கென்று வக்கீல் வைக்க யாரும் இல்லாததால் சர்க்கார் செலவில் அமர்த்தியவர், சின்ன வயசு, கறுப்புக் கோட்டு வெளுத்துப் போயிருந்தது. எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய், இன்ஸ்பெக்டரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ வாக்குமூலம் கொடுக்காத, பக்கத்தில் குடியிருந்த ஆள் யார் என்று விசாரித்திருக்கிறார். தெருவில் அப்படி மிஞ்சியது நான் ஒருத்திதான். சாவு வீட்டுக்குப் போகக் கூடாதவள் என்று ஒதுக்கிவைத்ததால், கோர்ட்டுக்குப் போக லாயக்கானவளாகிவிட்டேன்.

அவர் என் அய்யாவிடம் வழக்கை விளக்கினார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே உள்ளிருந்து கேட்டேன். கொன்றது யார் என்பதில் சந்தேகம் கிடையாது, அவளே ஒப்புக்கொள்கிறாள். என்ன பெயர் சொல்லித் தண்டிப்பது என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில், அந்தக் கணத்தில், தாங்க முடியாத கொடுமையை அவர்கள் செய்ய, அந்த ஆத்திரத்தில் புத்தி கெட்டு அடித்துவிட்டாள் என்றால் சட்டம் அதைக் கொலை என்று சொல்லாது, கொஞ்ச வருஷத்தில் வெளியே வந்துவிடலாம். ஆத்திரம் ஆறிய பிறகு, தூங்குகிற ஆளைப் போய் அடித்தால் அது கொலைதான். தூக்குக்கூடக் கிடைக்கும். பதினாறுக்குள் என்றால் தூக்கு கிடையாது, ஆனால் எலும்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் அவளுக்குப் பதினாறு தாண்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். கண்மாய் உடைந்த வருஷம் பிறந்தவள், பதினைந்துதான் என்று ஊரில் சொன்னதைக் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளவில்லை.

"புகை போட்டதை நீங்க சொன்னா போதும்மா. அதோட, அன்னைக்கு நெடி வந்துச்சான்னு கேப்பாங்க" என்றார் என்னிடம். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். "எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அங்க சொல்லுங்க."

அன்றைக்கு நெடி வரவில்லை. அதை நான் இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

என் வீட்டுக்காரர் போகாதே என்று சொல்லி அனுப்பினார். பெற்ற தாய் ஒன்று சொல்லிக் கட்டிய பெண்டாட்டி வேறு சொன்னால் ஊர் சிரிக்குமாம். அய்யா ரயில்வேக்காரர், சம்மன் வந்தால் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. கைப்பிள்ளையோடு என்னை ரயிலேற்றி மதுரைக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஜில்லாவுக்கு செஷன்ஸ் கோர்ட்டு அங்கேதான்.

மாமியார் சாட்சி சொன்னபோது நான் வராந்தாவில் நிறுத்தப்பட்டிருந்தேன். என் வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லிவிட்டு, பொன்னாகத்தான் வைத்திருந்தார், ஆனால் என்று மாமியார் ஆரம்பித்திருக்கிறார். உடனே காகிதத்தை எடுத்து வாசித்து, இது நீ சத்தியம் செய்து சொன்னதுதானே, இதில் ஆனால் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார் வக்கீல். அப்போது கருமாதி ஆகவில்லை அய்யா என்று மாமியார் சொல்ல, கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவர் பேசவில்லையாம். இறங்கி வந்து வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும் எதிரே அவளைப் பார்த்தேன். ஜெயில் சோற்றில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் என் வயிற்றைப் பார்த்தாள். என்ன பிள்ளை என்று கண்ணால் கேட்டாள். கோர்ட்டில் அதற்கு எப்படிப் பதில் சொல்வது?

புகையைப் பற்றிச் சொன்னேன். கதவு சாத்துகிற சத்தம், உள்ளே அவள் அலறுகிற சத்தம், அது கம்மிப் போவது, எல்லாம் சொன்னேன். சர்க்கார் வக்கீல் எழுந்தார். கண்ணால் பார்த்தாயா என்றார். இல்லை. உங்கள் ஊரில் மிளகாய் விளைகிறதா? விளைகிறது. வற்றல் காயப்போடும் காலத்தில் ஊரே இருமுமா? இருமும். அப்படியானால் எந்த இருமல் எந்த மிளகாய்க்கு என்று உனக்கு எப்படித் தெரியும்? தெரியும் என்றேன். அவர் சிரித்தார். நான் எட்டாம் வகுப்புப் படித்தவள், எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. தெரியும் என்று மறுபடி சொன்னேன்.

அப்போது ஜட்ஜ் நிமிர்ந்தார். வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர், எங்களை ஏளனமாகப் பார்க்காதவர். அவரே நேராக என்னிடம் கேட்டார், சம்பவம் நடந்த அன்றைக்கு நெடி வந்ததா என்று.

ஊரே ஒரு செத்தவனுக்காக, சத்தியம் செய்து பொய் சொல்லியிருந்தது. "வந்துச்சுங்க" என்றேன். "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான் வந்துச்சு. அப்புறந்தான் அவ எங்க வீட்டுக்கு வந்தா." மறுபடி அந்தக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு அதில் வெட்கம் கிடையாது.

ஜட்ஜ் எழுதினார். அவளுடைய வக்கீல் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. பிறகு ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். இந்தச் சாட்சி சொல்வதைக் கேட்டாயா, சம்பவத்தன்று உன்னை அறையில் அடைத்துப் புகை போட்டார்களா, பயப்படாமல் சொல் என்றார். அவர் அவளுக்கு ஒரு கதவைத் திறந்துதான் விட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜட்ஜைப் பார்த்தாள்.

"இல்லைங்க. மதினி எனக்காகச் சொல்றாக. அன்னைக்கு யாரும் என்னைய ஒண்ணும் செய்யல."

அவளுடைய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். ஜட்ஜ் எழுத ஆரம்பித்தார். யாரும் கேட்காமலேயே அவள் மேற்கொண்டு சொன்னாள், கொல்லையில் நின்று என்னிடம் பேசுகிற அதே குரலில்.

"போட்டிருந்தா எனக்கு எந்திரிக்கத் தெம்பு ஏது? அந்த வாரம் பூரா போடல. அதுனாலதான் ஒலக்கையத் தூக்க முடிஞ்சுச்சு."

என்னைக் கீழே இறங்கச் சொன்னார்கள். இறங்கினேன். பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது, வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கொடுத்தேன். பால் இறங்கியது. உடம்பு அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

சில நாள் கழித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். கொலை என்றுதான் தீர்ப்பு, வயதை உத்தேசித்துத் தூக்குக்குப் பதில் ஆயுள். மேல்கோர்ட்டுக்கு எழுதிப் போட்டும் அதுவே உறுதியானது. வக்கீல் மண்டபம் பக்கம் வேறு வேலையாக வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்து இதைச் சொன்னார். என் சாட்சியை நம்பவில்லையாம். சம்பவத்தன்று தனக்கு எந்தத் துன்பமும் நேரவில்லை என்று எதிரியே, அதாவது அவளே, ஒப்புக்கொண்டுவிட்டாள், ஆகவே ஆத்திரமூட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று இரண்டு கோர்ட்டும் சொல்லிவிட்டனவாம்.

அவள் அதற்கு அப்புறமும் சொன்னாளே, தெம்பு ஏது என்று, அதைப் படித்துமா இப்படி எழுதினார்கள் என்று கேட்டேன்.

ஜட்ஜ் அதை எழுதவில்லை அம்மா என்றார் வக்கீல். அன்றைக்குப் புகை போட்டார்களா இல்லையா என்பதுதான் கேள்வி. அவள் பிறகு சொன்னது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையாம்.